புகழும் சான்றும்: அமெரிக்க மருத்துவப் பயிற்சித் தரவரிசைகளின் நேர்மை குறித்த அளவையியல் நோக்கு

முன்னுரை

புகழைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் இசை, உரை என்னும் இரண்டும் ஒலியோடு தொடர்புடையவை. ஒருவரைப் பற்றிப் பிறர் பேசும் பேச்சே அவர்தம் புகழ் என்னும் கருத்து இச்சொற்களில் உறைந்துள்ளது. உரை என்னும் அதே சொல் அளவை நூலாரிடம் வேறொரு பொருளையும் பெறுகிறது. காண்டலாலும் கருதலாலும் எட்ட இயலாத ஒன்றை, நம்பத்தக்கார் கூற்றைக் கொண்டு அறிவது உரையளவை எனப்படும். ஆகவே ஒரே சொல் புகழுக்கும் சான்றுக்கும் பெயராக நிற்கின்றது. புகழ் எப்பொழுது சான்றாகும், எப்பொழுது ஆகாது என்னும் வினா இச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

கல்வி நிறுவனங்களைப் புகழின் அடிப்படையில் வரிசைப்படுத்தும் வழக்கம் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வினா நடைமுறை அறத்தோடு நேரடித் தொடர்பு கொண்டதாகிவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ரெசிடென்சி எனப்படும் உறைவிட மருத்துவப் பயிற்சித் திட்டங்களை மருத்துவர்தம் வாக்குகளைக் கொண்டு தரவரிசைப்படுத்தும் முறை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அம்முறை நேர்மையானதுதானா என்பதை இந்திய அளவை மரபு, குறிப்பாகத் தமிழ் நூல்களில் பதிவாகியுள்ள அளவைச் சிந்தனை, தரும் கருத்துகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயிற்சியும் தேர்வு முறையும்

அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் உடனே தனித்து மருத்துவம் செய்துவிட இயலாது. ஏதேனும் ஒரு துறையில் உறைவிட மருத்துவராகப் பயிற்சி பெறவேண்டும். குடும்ப மருத்துவம், உள்மருத்துவம் ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டுகள். பொது அறுவை மருத்துவத்திற்கு ஐந்து ஆண்டுகள். நரம்பு அறுவை மருத்துவத்திற்கு ஏழு ஆண்டுகள் என இப்பயிற்சிக் காலம் துறைதோறும் வேறுபடும். நூலில் கற்றதை நோயாளியின் படுக்கையருகே நின்று கையாளக் கற்பது இக்காலத்தில்தான். ஒரு மருத்துவரின் கைத்திறனும் பழக்கங்களும் பெரும்பாலும் இங்கேயே உருவாகின்றன.

இப்பயிற்சிக்கான இடங்கள் 1952ஆம் ஆண்டு முதல் நாடு தழுவிய பொருத்தமுறை ஒன்றின்வழி நிரப்பப்பட்டு வருகின்றன. பட்டதாரிகள் தாம் விரும்பும் பயிற்சித் திட்டங்களை வரிசைப்படுத்தித் தருவர்; திட்டங்களும் தாம் விரும்பும் பட்டதாரிகளை வரிசைப்படுத்தித் தரும். இவ்விரு பட்டியல்களையும் கணினி பொருத்திப் பார்த்து இடங்களை ஒதுக்கும். 2024ஆம் ஆண்டில் 41,000க்கு மேற்பட்ட இடங்கள் இம்முறையில் முன்வைக்கப்பட்டன. கேல், ஷேப்லி ஆகிய இருவரும் 1962இல் வெளியிட்ட கணிதக் கோட்பாட்டோடு நெருங்கிய உறவுடையது இம்முறை. 1998இல் பட்டதாரிகளின் விருப்பத்திற்கு முதன்மை தரும் வகையில் இது திருத்தியமைக்கப்பட்டது. இத்துறை ஆய்வுகளுக்காக ஆல்வின் ராத், லாயிட் ஷேப்லி ஆகியோர் 2012ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

இம்முறையின் அறச்சிறப்பு ஒன்று இங்குக் கருதத்தக்கது. பட்டதாரி தம் உள்ளத்து விருப்பத்தை உள்ளவாறே வரிசைப்படுத்துவதே அவருக்கு நலம் பயக்கும். சூழ்ச்சியாக வரிசையை மாற்றித் தருவதால் பயனில்லை. மெய் சொல்பவர் இழப்புக்கு உள்ளாகாதபடி அமைக்கப்பட்ட ஏற்பாடு இது. ஆயினும் அவ்விருப்பம் எங்கிருந்து வந்தது, எத்தகைய அறிவின்மேல் எழுந்தது என்று கணினி கேட்பதில்லை. விருப்பங்களைப் பொருத்தும் முறை நேர்மையாக இருந்தும், விருப்பங்களை உருவாக்கும் செய்தி நேர்மையற்றதாக இருக்கக்கூடும். தரவரிசை நுழைவது இவ்விடத்திலேதான்.

புகழ் வாக்கெடுப்பின் இயல்பு

உள்மருத்துவத் துறையில் மட்டும் அமெரிக்காவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பயிற்சித் திட்டங்கள் உள்ளன. இவற்றுக்கு அங்கீகாரம் வழங்கும் தேசிய அமைப்பு, ஒரு திட்டம் குறைந்தபட்சத் தகுதிகளை நிறைவு செய்கிறதா என்பதையே அறிவிக்கும். எது எதைவிடச் சிறந்தது என்று அது கூறுவதில்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பும் நோக்கில் டாக்சிமிட்டி என்னும் மருத்துவர் வலையமைப்பு, யு.எஸ். நியூஸ் இதழ் நிறுவனத்தோடு இணைந்து 2014ஆம் ஆண்டில் பயிற்சித் திட்டங்களின் வரிசையை வெளியிட்டது. மருத்துவர்கள் தத்தம் துறையில் மிகச்சிறந்த பயிற்சி தரும் திட்டங்களாகக் கருதுவனவற்றை ஐந்து வரை பெயர் குறிக்கலாம். அவ்வாறு பெற்ற வாக்குகளே புகழ் வரிசைக்கு அடிப்படை. அவ்வாண்டிலேயே அவசர மருத்துவத் துறையைச் சேர்ந்த தொழில்முறை அமைப்புகள் பல ஒன்றுசேர்ந்து இம்முறையின் மீது தம் மறுப்பைத் தெரிவித்தன.

மருத்துவ உலகில் புகழை எண்ணாக்கும் முயற்சி இதற்கும் முற்பட்டது. யு.எஸ். நியூஸ் 1990இல் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தத் தொடங்கியபோது மருத்துவர்தம் கருத்தையே முழு அடிப்படையாகக் கொண்டது. பிற தரவுகள் பின்னரே சேர்க்கப்பட்டன. 2010இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு, தரவுகள் சேர்க்கப்பட்ட பின்னரும் முதல் ஐம்பது மருத்துவமனைகளின் வரிசை பெரும்பாலும் புகழ் மதிப்பெண்ணாலேயே அமைந்தது என்றும், அப்புகழுக்கும் புறவயமான தர அளவுகளுக்கும் இடையே தொடர்பு மிகக் குறைவு என்றும் காட்டியது. பின்னைய ஆண்டுகளில் அவ்வரிசையில் புகழின் பங்கு குறைக்கப்பட்டது.

உரையா, ஐதிகமா?

புகழ் வாக்கு எவ்வகை அறிவு என்னும் வினாவுக்கு விடை காண அளவை நூல்கள் துணைசெய்கின்றன. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வைதிகவாதி அளவைகளைப் பத்தாக விரித்துரைக்கின்றான். ஆகமம் அவற்றுள் ஒன்று, ஐதிகம் மற்றொன்று. ஒரு மரத்தில் பேய் உண்டு என்று உலகத்தார் வழிவழியாகச் சொல்வதைக் கொண்டு தெளிவது ஐதிகத்திற்கு அங்குத் தரப்படும் எடுத்துக்காட்டு. முதலில் கண்டவர் யார், எப்பொழுது கண்டார் என்பது எவருக்கும் தெரியாது. எனினும் ஊரார் அனைவரும் அறிவர். அதே காப்பியத்தில் அறவண அடிகள் பௌத்த நெறியை உணர்த்துமிடத்துக் காட்சி, கருத்து ஆகிய இரண்டு அளவைகளே ஏற்கப்படுகின்றன. சிவஞான சித்தியாரோ பலவாக விரிந்த அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகின்றது.

ஐதிகத்தை உரைக்குள் அடக்கும் கருத்து நியாய மரபிலும் உண்டு. ஆனால் அவ்வாறு அடக்கும்போது ஒரு நிபந்தனை உடன் வருகிறது. உரை அளவையாவது அதைச் சொல்பவர் ஆப்தர் ஆயின்தான். பொருளை நேரே அறிந்திருத்தல், அறிந்ததை அறிந்தவாறே சொல்ல விழைதல் என்னும் இரண்டும் ஆப்தரின் இலக்கணங்களாக நியாய சூத்திரத்திற்கு உரை கண்ட வாத்சாயனர் கூறுவர். இவ்விலக்கணம் முனிவருக்கும் பிறருக்கும் பொதுவானது என்பதும் அவர் கருத்து. ஒருவர் கூற்றைச் சான்றாக்குவது அவரது உயர்வன்று. அவர் அறிந்த வழியே என்பது இதனால் பெறப்படும்.

இவ்விலக்கணத்தைப் புகழ் வாக்கோடு பொருத்திப் பார்க்கலாம். வாக்களிக்கும் மருத்துவர் நேர்மையற்றவர் என்று கருத இடமில்லை. இரண்டாம் இலக்கணம் அவரிடம் பெரும்பாலும் அமைந்திருக்கும். குறைபடுவது முதல் இலக்கணமே. ஒரு மருத்துவர் பொதுவாகத் தாம் பயின்ற ஒரு திட்டத்தையும், பணியாற்றும் நிறுவனத்தில் உள்ள மற்றொன்றையும் நேரே அறிந்திருப்பார். ஐந்நூறு திட்டங்களுள் மிகச்சிறந்தவற்றைச் சொல்லுமாறு கேட்கப்படும்போது, தாம் காணாத பலவற்றைப் பற்றி அவர் சொல்ல நேர்கிறது. அவர் அவ்வாறு குறிக்கும் பெயர்கள் மாணவப் பருவத்திலிருந்து அவர் செவியில் விழுந்தவை. பெரும்பாலும் அவற்றைச் சொன்னவரும் பிறர் சொல்லக் கேட்டவரே. ஆகவே அவ்வாக்கு உரையின் வடிவில் வந்தாலும் இயல்பில் ஐதிகமாகும்.

ஐதிகங்கள் ஆயிரம் சேர்ந்தால் சான்றாகிவிடாதோ என்னும் வினா எழலாம். ஆயிரம் பேர் ஒரே மரத்தில் பேய் உண்டு என்று சொல்வதால் பேய் இருப்பது உறுதிப்படாது. ஆயிரவரும் தனித்தனியே கண்டிருந்தால் அவர்தம் எண்ணிக்கை சான்றின் வலிமையைப் பெருக்கும். ஒருவர் மற்றவரிடம் கேட்டிருந்தால் எண்ணிக்கை பெருகுவது ஓசையே. வாக்கெடுப்பு இவ்விருவகையாரையும் வேறுபடுத்துவதில்லை. ஒரு திட்டத்தில் மூன்றாண்டு இரவும் பகலும் உழைத்தவரின் ஒரு வாக்கும், அதன் வாயிலைக் கூடக் காணாதவரின் ஒரு வாக்கும் ஒன்றாக எண்ணப்படும்போது, அறிந்தவரின் சான்று அறியாதவரின் ஓசையில் மூழ்கிப்போகிறது.

நேர்மைக் கேட்டின் மூன்று முகங்கள்

அளவையியல் குற்றம் அறக்குற்றமாக மாறுவது எவ்வாறு என்பது அடுத்துக் காணத்தக்கது. தவறாக அறிதல் எல்லாம் அநீதி ஆகாது. அத்தவற்றின் சுமையை யார் சுமக்கிறார், அவர் அதற்குப் பொறுப்பானவரா என்று கேட்கும்போதுதான் நேர்மை பற்றிய பேச்சு தொடங்குகிறது. இங்கே மூவர் அச்சுமையைச் சுமக்கின்றனர்.

முதலாவது, பயிற்சித் திட்டங்கள். தொன்மையும் அளவும் மிக்க திட்டத்திற்குப் பழைய மாணவர் மிகுதி. அவர்கள் நாடெங்கும் பரவியிருப்பர். ஆகவே அதன் பெயர் மிகுதியாக ஒலிக்கும். புகழ் மிக்க இடத்தை நாடித் திறமிக்க பட்டதாரிகள் செல்வர். அவர்கள் பின்னர் அடையும் சிறப்பு அத்திட்டத்தின் சிறப்பாக எண்ணப்படும். அதனால் புகழ் மேலும் பெருகும். அறிவியல் உலகில் உள்ளவர்க்கே மேலும் சேரும் இவ்வியல்பை ராபர்ட் மெர்ட்டன் 1968இல் மத்தேயு விளைவு என்று பெயரிட்டு விளக்கினார். நாட்டுப்புறத்தில் உள்ள சிறு மருத்துவமனை ஒன்று தன் பயிற்சி மருத்துவர்களுக்கு நோயாளிகளோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பையும் ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பையும் மிகுதியாகத் தரக்கூடும். அதனைப் பத்தாண்டுகள் திறம்படச் செய்தாலும் அதன் பெயர் தொலைதூர மாநிலத்து மருத்துவர் செவிக்கு எட்டுவதில்லை. தான் செய்யாத குற்றத்திற்காகவும் தன்னால் மாற்ற இயலாத காரணத்திற்காகவும் ஒன்று கீழிடம் பெறுவது நடுவுநிலைமைக்கு முரணானது.

இரண்டாவது, பட்டதாரிகள். அவர்கள் தம் வாழ்வின் மூன்று முதல் ஏழு ஆண்டுகளை ஒப்படைக்கும் முடிவை எடுக்கின்றனர். பொருத்தமுறையின் முடிவு இருதரப்பையும் கட்டுப்படுத்தும். அம்முடிவுக்குத் துணையாக அவர்கள் கையில் தரப்படும் எண், அளந்து பெற்ற எண் போலத் தோன்றுகிறது. இருபதாம் இடத்திற்கும் முப்பதாம் இடத்திற்கும் இடையே பயிற்சியில் என்ன வேறுபாடு என்று அதனை வெளியிட்டவராலும் சொல்ல இயலாது. ஆயினும் முப்பதைவிட இருபது உயர்ந்தது என்னும் எண்ணம் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. தேசிய மருத்துவ உரிமத் தேர்வின் முதற்படி 2022ஆம் ஆண்டு சனவரி முதல் மதிப்பெண் இன்றித் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் அறிவிக்கப்படுகிறது. மதிப்பெண் மறைந்த இடத்தைப் பெயரும் புகழும் நிரப்பும் என்னும் அச்சம் இதனால் வலுப்பெற்றது. பட்டதாரியின் கல்லூரிப் பெயரைப் பயிற்சித் திட்டமும், திட்டத்தின் பெயரைப் பட்டதாரியும் நோக்கி நிற்கும் நிலையில், இருவரும் ஒருவரையொருவர் காணாமலேயே மதிப்பிடுகின்றனர்.

மூன்றாவது, நோயாளிகள். இவர்கள் வாக்களிப்பதில்லை, வரிசையைப் படிப்பதும் அரிது. ஆயினும் விளைவின் பெரும்பகுதி இவர்களையே சென்று சேர்கிறது. அமெரிக்க மருத்துவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தாம் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே பின்னரும் பணியாற்றுகின்றனர். ஆகவே புகழ் பட்டதாரிகளை எங்கே ஈர்க்கிறதோ அங்கே மருத்துவர் மிகுவர். புகழ் எட்டாத ஊர்களில் அருகுவர். புகழைத் தேடும் திட்டம், கற்பித்தலில் செலவிட வேண்டிய உழைப்பை வாக்குத் தேடுவதில் செலவிட்டால், அதன் இழப்பும் நோயாளிக்கே.

எதிர்வாதம்

புகழ் வரிசைக்குச் சார்பான வாதங்களுள் வலிமையான ஒன்றைத் தவறாது கருதவேண்டும். வரிசை வெளியிடப்படுவதற்கு முன்னரும் புகழ் இருந்தது. அது மூத்த பேராசிரியர்களின் அறைகளில் மெல்லிய குரலில் பரிமாறப்பட்டது. பெயர்பெற்ற கல்லூரியில் பயின்றவர்க்கு எந்தத் திட்டம் நன்று என்று சொல்ல ஆசான் இருந்தார். மருத்துவரின் மகனுக்குத் தந்தை இருந்தார். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்க்கு எவரும் இல்லை. அமெரிக்காவில் பணியாற்றும் மருத்துவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பட்டம் பெற்றவர். அவர்களுள் இந்தியாவிலிருந்து சென்றோர் தொகையே பெரிது. அத்தகையோர்க்கு, மறைவாக இருந்த புகழைப் பொதுவில் வைப்பது ஒருவகைச் சமநீதி அன்றோ என்பது அவ்வாதம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. மறைபொருளாக இருந்த அறிவைப் பொதுவாக்குவது அறமே. ஆனால் பொதுவாக்கப்பட்டது அவ்வறிவுதானா என்று நோக்கவேண்டும். அறையில் அமர்ந்து ஆசான் சொன்னது ஓர் எண் அன்று. இன்ன இடத்தில் அறுவை கற்பிக்கும் ஆசிரியர் பொறுமையுடையவர். இன்ன இடத்தில் இரவுப் பணியில் மூத்தவர் துணை கிட்டாது. இன்ன இடத்திற்குச் சென்ற மாணவர் இருவர் இடையில் விலகினர் என்றவாறு அவர் காரணத்தோடு சொன்னார். கேட்டவர் மேலும் வினவ முடிந்தது. அது ஆப்தர் உரை. வரிசை தருவது அவ்வுரையின் சாரத்தை நீக்கிய பெயரை மட்டுமே. உள்ளிருப்பவர்க்கு ஆசானின் சொல் இன்றும் கிடைக்கிறது. வெளியிலிருந்து வருபவர்க்கு எண் மட்டும் கிடைக்கிறது. எண்ணை மட்டுமே நம்பவேண்டிய நிலையில் இருப்பவர் இவரே என்பதால், எண் பிழைபட்டால் மிகுதியாக ஏமாறுபவரும் இவரே. சமநீதிக்காகச் சொல்லப்படும் வாதம் இவ்வகையில் தனக்கு எதிராகவே திரும்பிவிடுகிறது.

புகழை முற்றிலும் புறக்கணிக்க வேண்டும் என்பதும் இதனால் பெறப்படாது. திருக்குறள் புகழ் அதிகாரத்தை ஈகையை அடுத்து வைத்துள்ளது. செயல் முன்னும் புகழ் பின்னுமாக அமையும் இவ்வைப்புமுறை கருதத்தக்கது. செயலை அடையாளம் காட்டும் வரையில் புகழ் பயனுடையது. செயலைக் காணாமலே புகழைக் கொண்டு செயலை ஊகிப்பதும், அவ்வூகத்தை மீண்டும் புகழாக்கி எண்ணுவதும் நேரும்போது அவ்வைப்புமுறை தலைகீழாகிறது.

நேரே காண்பதன் எல்லை

ஐதிகத்தின் குறை நேரே காணாமை என்றால், நேரே கண்டு மதிப்பிட்டால் நேர்மை உறுதியாகுமா என்பதும் வினாவுக்குரியது. மருத்துவக் கல்வி வரலாறு இதற்கு எச்சரிக்கையான விடையைத் தருகிறது. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆய்ந்து 1910இல் தம் அறிக்கையை வெளியிட்டார். நேரில் சென்று ஆய்வகத்தையும் மருத்துவமனையையும் கண்டு எழுதியது அவ்வறிக்கையின் பெருமை. தரமற்ற பல கல்லூரிகள் மூடப்படுவதற்கு அது காரணமாயிற்று. ஆனால் கறுப்பின மக்களுக்கென இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளுள் ஹோவர்டு, மெஹாரி ஆகிய இரண்டை மட்டுமே பேணத்தக்கனவாக அது கருதியது. ஏனைய ஐந்தும் பின்னர் மூடப்பட்டன. அவற்றில் பயின்றிருக்கக் கூடிய மருத்துவர்களையும், அவர்களால் நலம் பெற்றிருக்கக் கூடிய மக்களையும் அவ்வரிசை எண்ணிப் பார்க்கவில்லை. 2020ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் தான் வழங்கிவந்த விருதிலிருந்து ஃபிளெக்ஸ்னரின் பெயரை நீக்கியது.

காட்சி மெய்யறிவாகலாம்; ஆனால் எதைக் காண்பது, எதைத் தரம் என்று கொள்வது என்பன காட்சிக்கு முன்னரே முடிவு செய்யப்படுகின்றன. ஆகவே நேர்மையான மதிப்பீட்டிற்கு அறிந்தார் கூற்றோடு மற்றொன்றும் வேண்டப்படுகிறது. அளக்கப்படும் பொருள் அப்பயிற்சியின் நோக்கத்தோடு பொருந்தியதாக இருத்தல் வேண்டும். மருத்துவப் பயிற்சியின் நோக்கம் நோயாளியின் நலமேயாகும்.

அந்நோக்கத்தை அளக்க இயலும் என்பதற்கு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு சான்றாகும். நியூயார்க், புளோரிடா ஆகிய இரு மாநிலங்களில் 1992 முதல் 2007 வரை நிகழ்ந்த ஏறத்தாழ 49 இலட்சம் மகப்பேறுகளை அவ்வாய்வு எடுத்துக்கொண்டது. அவற்றைக் கவனித்த 4,124 மருத்துவர்கள் 107 பயிற்சித் திட்டங்களில் பயின்றவர்கள். திட்டங்களைத் தாய்மார்க்கு நேர்ந்த சிக்கல்களின் அளவைக் கொண்டு ஐந்து பிரிவாக்கியபோது, மேற்பிரிவில் பயின்ற மருத்துவர்களிடம் 10.3 விழுக்காடாக இருந்த சிக்கல், கீழ்ப்பிரிவில் பயின்றவர்களிடம் 13.6 விழுக்காடாக இருந்தது. பயின்ற இடம் ஒரு பொருட்டன்று என்பார் கூற்றை இது மறுக்கிறது. மருத்துவர் பயிற்சியை முடித்து வெளியேறிய பின்னரும் அதன் சுவடு தாய்மாரின் உடலில் தெரிகிறது. அதே வேளையில், பயிற்சியின் தரத்தை அறிய ஊரார் வாயை நோக்கி நிற்க வேண்டியதில்லை என்பதையும் இது காட்டுகிறது. விளைவைக் கண்டு காரணத்தை அறிதல் கருதலளவையாகும். புகையைக் கண்டு தீயை உணர்வதுபோல, நோயாளியின் நலத்தைக் கண்டு பயிற்சியின் தரத்தை உணரலாம். இத்தகைய அளவீடு அரிது, செலவு மிக்கது, ஆண்டுகள் பல வேண்டுவது என்பன உண்மை. நல்ல அளவை அரிது என்பதால் எளிய அளவை நல்லதாகிவிடாது.

இந்தியச் சூழல்

இச்சிந்தனை இந்தியாவிற்கும் பொருந்துவது. 2015இல் அறிவிக்கப்பெற்ற தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு 2016இல் தன் முதல் வரிசையை வெளியிட்டது. மருத்துவக் கல்லூரிகளுக்கான தனிப்பிரிவு 2018இல் சேர்க்கப்பட்டது. கற்பித்தலும் வளங்களும், ஆய்வு, பட்டம் பெறுவோர் நிலை, அனைவரையும் உள்ளடக்கும் தன்மை ஆகியவற்றோடு பிறர் கருத்து என்னும் கூறுக்கும் நூற்றுக்குப் பத்து பங்கு தரப்பட்டுள்ளது. இப்பத்து பங்கு சிறிதெனத் தோன்றலாம். நெருக்கமாக நிற்கும் நிறுவனங்களுக்கிடையே இடத்தை மாற்ற அச்சிறு பங்கே போதும்.

இந்திய மருத்துவ மேற்படிப்பில் கல்லூரி மாணவரைத் தேர்வதில்லை. நுழைவுத் தேர்வின் வரிசைப்படி மாணவரே கலந்தாய்வில் இடத்தைத் தேர்கின்றார். கடந்த ஆண்டு எந்தத் தேர்வு எண்ணோடு ஓரிடம் நிரம்பியதோ அவ்வெண்ணே அடுத்த ஆண்டு மாணவர்க்கு அவ்விடத்தின் தரத்தைக் காட்டும் அடையாளமாகிறது. முன்னவர் தேர்ந்தார் என்பதால் பின்னவர் தேர்கின்றார். முன்னவரும் தமக்கு முன்னவரை நோக்கியே தேர்ந்தவர். வாக்கெடுப்பு இன்றியே ஐதிகம் தொடர்வதற்கு இது சான்றாகும். நோயாளிகள் மிகுந்த மாவட்ட மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயில்பவர் பெறும் கைப்பயிற்சி இவ்வெண்ணில் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. புகழ் வாக்கைக் கொண்டு அமையும் தரவரிசை, சான்றுரையின் மதிப்பைக் கோரும் ஐதிகமாகும். அதன் நேர்மைக் கேடு வாக்களிப்பவரின் தீய எண்ணத்தில் இல்லை. அறிந்தவரையும் அறியாதவரையும் ஒன்றாக எண்ணி, அவ்வெண்ணை அளந்து பெற்ற எண்ணாகக் காட்டுவதில் உள்ளது. அக்கேட்டின் சுமையை அதற்குப் பொறுப்பில்லாத சிறு திட்டங்களும், வேறு துணையற்ற பட்டதாரிகளும், வாக்கே இல்லாத நோயாளிகளும் சுமக்கின்றனர்.

இதிலிருந்து ஒவ்வொருவர்க்கும் ஒரு கடமை பிறக்கின்றது. கேட்கப்படும் மருத்துவர், தாம் நேரே அறிந்ததைப் பற்றி மட்டும் சொல்லி, அறியாததைப் பற்றி வாளாவிருத்தல் வேண்டும். தொகுப்பவர், யார் எதனை எவ்வாறு அறிந்து சொன்னார் என்பதைச் சொல்லப்பட்டதோடு சேர்த்தே வெளியிடுதல் வேண்டும். அறிவு தாங்காத நுண்மையை எண்ணில் ஏற்றுதல் கூடாது. 2023ஆம் ஆண்டு சனவரியில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி யு.எஸ். நியூஸ் வரிசைக்குத் தரவு தருவதை நிறுத்தியது; வேறு சில கல்லூரிகளும் அதனைப் பின்பற்றின. 2024இல் அவ்விதழ் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒன்று, இரண்டு என இடமளிப்பதை விடுத்து அவற்றை அடுக்குகளாகப் பிரித்தது. எண்ணின் போலி நுண்மை குறைந்த அளவில் இது நன்று. ஆயினும் புகழின் உச்சியில் இருப்பவர் வரிசையைத் துறப்பது எளிது. துறந்த பின்னும் அவர்தம் புகழ் குறைவதில்லை. வரிசையால் மறைக்கப்பட்ட சிறு திட்டத்திற்கு அத்துறவு எதனையும் தருவதில்லை. அதற்கு வேண்டுவது, தன் செயல் காணப்படுதலும் தன்னிடம் பயின்றவர் கையில் நோயாளிகள் பெற்ற நலம் கணக்கிடப்படுதலுமே.

சொல்பவர் யாராயினும் சொல்லப்படும் பொருளின் உண்மையைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவம். எத்துணைப் பேர் சொல்லினும் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் இது.